அலிபிரிச் சோதனையும் கணினிப் பதிலாளும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் மென்பொருள் வேலையில் ஒருவராவது இல்லாத வீடு அரிது. அந்தப் பிள்ளைகளிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு, திருப்பதியில் இருக்கும் என் அக்கா மகன் ஜாவாவில் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தான். தோத்தாபுரி மாங்காய் போட்ட விவசாயியின் பாக்கியைக் கழிப்பதும், பணம் அனுப்பப் பதிவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்; ஒன்று தவறினால் மற்றதும் ரத்தாக வேண்டும். ஒருநாள் சிலருக்குப் பாக்கி கழிந்துவிட்டது, பணப் பதிவு ஏறவில்லை. "டிரான்சாக்ஷன் என்று குறித்துத்தானே வைத்திருக்கிறேன், மாமா!" என்று போனில் புலம்பினான். குறித்துத்தான் இருந்தான். குறிப்பு வேலை செய்யவில்லை என்று கணினி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எடைச்சீட்டுகளை வைத்துக்கொண்டு கையால்தான் சரி பார்த்தார்கள்.

டிரான்சாக்ஷன், அனுமதிச் சோதனை போன்ற பொது வேலைகளை ஒவ்வொரு மெத்தடிலும் திரும்பத் திரும்ப எழுதாமல் தனியே வைப்பது ஆஸ்பெக்ட் முறை. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்து கிரெகோர் கிக்சாலெஸ் குழுவினர் 1997-இல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். 2004-இல் 1.0 பதிப்பு கண்ட ஸ்பிரிங், வழக்கமாக உண்மையான ஆப்ஜெக்டுக்கு முன்னால் பிராக்ஸி என்ற பதிலாளை நிறுத்துகிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பைப் பதிலாள் இடைமறித்து, டிரான்சாக்ஷனைத் தொடங்கிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்.

திருமலைக்கு வண்டியில் போகிறவர்கள் அலிபிரியில் இறங்கிச் சோதனைக்கு உட்பட வேண்டும். ஆனால் மேலே தங்கியிருப்பவர், விடுதியிலிருந்து கடைவீதிக்குப் போக அலிபிரிக்கு இறங்கி வருவாரா? நம் பையன் நிரலிலும் இதே கதைதான். அன்றைய பட்டுவாடா முழுவதையும் நடத்தும் மெத்தடை வெளியிலிருந்து அழைத்தார்கள். அதற்குக் குறிப்பு இல்லை. குறிப்பு இருந்தது, அதே கிளாசுக்குள் அது அழைத்த இன்னொரு மெத்தடுக்கு. உள்ளுக்குள் நடந்த அந்த அழைப்பு பதிலாளைத் தொடவே இல்லை. அந்த இரண்டாவது மெத்தடைத் தனிக் கிளாசாகப் பிரித்து, ஸ்பிரிங் தரும் ஆப்ஜெக்ட் வழியாக அழைத்ததும் சரியாயிற்று.

இன்னொரு சங்கடமும் உண்டு. கிளாசிலிருந்து துணைக் கிளாஸ் பிறப்பித்துப் பதிலாள் செய்யும்போது, ஃபைனல் என்று பூட்டிய மெத்தடை அவரால் மாற்றி எழுத முடியாது. ஆகவே இடைமறிக்கவும் முடியாது. ஆஸ்பெக்ட்ஜே கிளாசுக்குள்ளேயே இடைமறிப்பைப் பின்னிவிடுவதால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் அதற்கென்று கூடுதல் ஏற்பாடுகள் வேண்டும். சின்ன நிரலுக்குத் தனிக் கிளாஸே போதும் என்பது என் கட்சி.