மீண்டு வந்தவர்க்கு ஒரு பள்ளி

பள்ளியில் இடம் வேண்டுமானால் மதிப்பெண் பட்டியலைக் காட்டுவது நாம் அறிந்த வழக்கம். போதைப் பழக்கத்தை விட்டுவிட்டேன், இனியும் தொடாதிருக்க விரும்புகிறேன் என்று வருகிறவர்களுக்காகவே நடைபெறும் பள்ளிகளும் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய உயர்நிலைப் பள்ளிகள் பல, அரசுப் பணத்தில் நடக்கின்றன. மீட்சிப் பள்ளிகள் என்று அவற்றைச் சொல்லலாம்.

இதற்கென்று தனிப் பள்ளி எதற்கு? மதுவுக்கோ கஞ்சாவுக்கோ மாத்திரைக்கோ அடிமையான பதினாறு வயது மாணவி ஒருத்தி, சிகிச்சை நிலையத்தில் சில வாரங்கள் தங்கித் தேறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீடு திரும்பியதும் பழைய பள்ளிக்குத்தானே போகவேண்டும்? அங்கே அதே தோழியர் கூட்டம். பழக்கிவிட்டவளே பக்கத்து பெஞ்சில்! பெரியவர்கள் வேலையையோ ஊரையோ மாற்றிக்கொண்டு தப்பலாம். பள்ளிப் பிள்ளைக்கு அவ்வழி ஏது? பல வாரச் சிகிச்சை தேற்றியதை ஓர் இடைவேளை நேரம் கெடுத்துவிடக்கூடும்.

இதை உணர்ந்து 1979இல் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி மாவட்டத்தில் ஃபீனிக்ஸ் என்னும் பொதுப் பள்ளியைத் தொடங்கினர். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். 1989இல் மின்னசோட்டா மாநிலத்திலும், 2006இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன், பெவர்லி நகரங்களிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின.

இங்கும் கணிதம், அறிவியல், வரலாறு எல்லாம் உண்டு; முடிவில் கிடைப்பதும் மற்றப் பிள்ளைகள் பெறும் அதே சான்றிதழ்தான். ஆனால் பள்ளி மிகச் சிறியது. பல பள்ளிகளில் ஐம்பது பேர்கூட இரார். ஆசிரியரோடு ஆலோசகரும் இருப்பார். மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, முந்திய நாள் எப்படிக் கழிந்தது, மனம் எங்கே தடுமாறியது என்று ஒளிக்காமல் சொல்லவேண்டும். அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனையும் நடக்கும்.

தவறி மறுபடியும் தொட்டுவிட்டால்? உடனே பெயரை நீக்கிவிடுவதில்லை. மருத்துவர்கள் இதை ஒரு நோயாகவே கருதுகின்றனர். நோய் திரும்பிவிட்டதென்று நோயாளியை விரட்டுவார் உண்டோ? தேவையானால் மீண்டும் சிகிச்சைக்கு அனுப்பி, பின்னர் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்தப் பள்ளிகளின் சிறப்பே இதில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒரே நோயுள்ள பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒருவரையொருவர் கெடுத்துவிட மாட்டார்களா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆண்ட்ரூ ஃபிஞ்ச் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் சிகிச்சை முடித்த மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆறு மாதம் சென்றபின் மீட்சிப் பள்ளியில் படித்தோரில் நூற்றுக்கு 59 பேர் மதுவும் போதைப்பொருளும் இன்றி இருந்தனர். வேறு பள்ளிகளுக்குச் சென்றோரில் 30 பேரே. எஞ்சிய 41 பேரை எண்ணும்போது மனம் வருந்துகிறது. ஆயினும் வேறுபாடு சிறிதன்று.

குறை பணத்தில்தான். சில பிள்ளைகளுக்கு இத்தனை ஆசிரியர், ஆலோசகர் என்றால் செலவு கூடும். ஃபீனிக்ஸ் பள்ளியே மாணவர் குறைந்து 2010களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. மாசசூசெட்ஸில் வேறொரு வழி கண்டார்கள்: பிள்ளை எந்த ஊரைச் சேர்ந்ததோ, அந்த ஊர்க் கல்வித்துறை அப்பிள்ளைக்குரிய தொகையை மீட்சிப் பள்ளிக்குச் செலுத்துகிறது, போதாததற்கு மாநில அரசும் மானியம் தருகிறது.