கூரையில்லா காரில் தினமும் ஆபீஸ் போகலாமா?

மாஸ்டா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சுவராஜ் மாஸ்டா வேன்தான். பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாண வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த வண்டி. அந்தப் பெயரில் பாதியைக் கொடுத்த ஹிரோஷிமா நிறுவனம், 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அதற்கு நேர் எதிரான ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டே பேர் உட்காரலாம். துணிக்கூரையைக் கையால் மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எம்எக்ஸ்-5 என்று பெயர், அமெரிக்காவில் மியாட்டா. 2016-இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்ற கின்னஸ் சாதனையும் அதனிடம்தான் இருக்கிறது.

பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறை நீக்கி எடுக்கிற பொருள் இத்தனை விற்காது. வாங்கியவர்களில் ஏராளமானோர் அதை வேலைக்கும் கடைக்கும் ஓட்டிப்போகிறார்கள். ஆனாலும் ‘இதையெல்லாம் தினசரி வண்டியாக வைத்துக்கொள்ள முடியுமா?’ என்ற கேள்வி ஓயவில்லை. கார்ப் பைத்தியங்கள் ஆமாம் என்பார்கள். அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் ஒரு முறைப்பில் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டையும் ஒதுக்கிவிட்டு இயற்பியலைக் கேட்டால் வேறொரு பதில் வருகிறது. வேகத்துக்கென்றே பிறந்ததாக நாம் நினைக்கும் இந்தக் கார், கூரையைத் திறந்துவிட்டால், மெதுவாகப் போகும்போதுதான் நல்ல வண்டி. நெடுஞ்சாலையைவிட ஊருக்குள்தான் அதற்குப் பொருத்தம்.

திறந்த கார்கள் ஒரு காலத்தில் ஏறக்குறைய வழக்கொழிந்தே போயின. 1970-களில், உருண்டாலும் தாங்கும் கூரை வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி போடப்போகிறது என்ற பேச்சு அடிபட்டது. 1976-இல் கேடிலாக் எல்டொராடோவை அமெரிக்காவின் கடைசித் திறந்த கார் என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். இங்கிலாந்தில் எம்ஜிபி என்ற திறந்த காரின் தயாரிப்பு 1980-இல் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு, பாப் ஹால் என்ற அமெரிக்க கார் பத்திரிகையாளர் மாஸ்டாவின் ஆராய்ச்சித் துறையில் இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் (இரண்டு சீட்டுத் திறந்த கார்) போல எளிய, மலிவான, காற்றாடப் போகிற கார் ஒன்றை நீங்கள் செய்யக்கூடாதா என்று கேட்டார். ஹால் பிற்பாடு மாஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். கேட்டது கைக்கு வரப் பத்து ஆண்டு ஆனது. முன்மாதிரியாக அவர்கள் வைத்துக்கொண்டது 1962-இல் வந்த லோட்டஸ் இலான். அழகான வண்டி, ஆனால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்கள் எண்ணெய் ஒழுகவும் மழை ஒழுகவும் பேர்போனவை. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும் என்ற உத்தரவாதத்தை ஜப்பானியர்கள் சேர்த்தார்கள். தினசரி வண்டி ஆவதற்கு முதல் தகுதி அதுதானே.

சரி, கூரையை எடுத்துவிட்டால் காருக்கு என்ன ஆகிறது? இனிப்புக் கடை அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியோடு முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கினால் கையோடு வளைந்து வரும். காரின் கூரையும் அந்த மூடிதான். வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் அது இருப்பதாக நினைக்கிறோம். முறுக்கைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, வலது பின்சக்கரம் மேட்டில் ஏறும்போது முழு உடலும் துணி பிழிவதுபோல முறுக்கப்படுகிறது.

மூடிய வடிவத்துக்கும் திறந்த வடிவத்துக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானது அல்ல. 10 செ.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் கொண்ட ஓர் இரும்புக் குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டுத் திறந்துவிட்டால், முறுக்கை எதிர்க்கும் அதன் திறன் ஏறக்குறைய 7,500-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரும்பின் அளவு குறையவில்லை. வளையம் அறுந்தது, அவ்வளவுதான்.

கார் அந்த அளவுக்குத் தளர்ந்துபோகாது. கதவுகளுக்குக் கீழே இருபுறமும் முன்னிருந்து பின்னாக ஓடுகிற பெட்டி விட்டங்களும், இரண்டு சீட்டுக்கும் நடுவே கியர் தண்டு போகிற மேடும் தனித்தனி மூடிய குழாய்களாக வேலை செய்கின்றன. கூரை செய்த வேலையை இவைதான் வாங்கிக்கொள்கின்றன. நான்கு கதவுக் காரின் கூரையை வெட்டி எடுத்துத் திறந்த காராக மாற்றும் நிறுவனங்கள் இந்த விட்டங்களில் இரும்பைத் திணித்தே ஈடுகட்டுகின்றன. சில கார்களில் கூடும் எடை 100 கிலோவைத் தாண்டும். அப்படியும் மேடுபள்ளத்தில் முன்கண்ணாடிச் சட்டமும் டாஷ்போர்டும் கிடுகிடுவென்று அதிர்வது உண்டு. எம்எக்ஸ்-5 தொடக்கத்திலேயே கூரையில்லாமல் திட்டமிடப்பட்டது. நீளமும் குறைவு, குட்டைப் பெட்டியை முறுக்குவது கடினம். அதனால்தான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் எடை ஆயிரத்து நூறு கிலோவைத் தாண்டாமல் நிற்கிறது. இந்தக் காலத்துக் கார்களில் இது ஒரு சாதனை. அந்த எடை கட்டுக்குள் இருப்பதால்தான், இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்துக்கொண்டும் அமெரிக்க அரசின் கணக்குப்படி நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து லிட்டருக்கு 12 கி.மீ.க்குச் சற்று மேல் கொடுக்கிறது.

இனி காற்று. திறந்த காரில் போகிறவர்களின் தலைமுடி பின்னால் பறப்பதாகத்தான் சினிமாவில் காட்டுவார்கள். உண்மையில் பெரும்பாலும் முன்னால்தான் பறக்கும். முன்கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று அங்கேயே உடலை விட்டுப் பிரிந்து, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே பாய்ந்து, பின்பக்க டிக்கி மூடியில் வந்து இறங்குகிறது. இடையில் சீட்டுப் பகுதியில் அழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. டிக்கியில் இறங்கிய காற்றில் ஒரு பகுதி திரும்பி, இரண்டு சீட்டுக்கும் நடுவே புகுந்து, பிடரியில் அடிக்கிறது. சீட்டுக்குப் பின்னால் ஒரு வலைத் தடுப்பை நிறுத்தினால் இதில் பெரும்பகுதி அடங்கிவிடும். 2004-இல் மெர்சிடஸ் தன் எஸ்எல்கே காரில் இந்த இடத்திலேயே சூட்டுக்காற்றுத் துளையை வைத்தது. சீட்டின் கழுத்துப் பகுதியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும். மூடிய காரில் ஏசி செய்கிற வேலையைத் திறந்த காரில் இப்படிச் சின்னச் சின்னத் தந்திரங்களால் செய்கிறார்கள். உயரமானவர்களுக்கு மட்டும் இதெல்லாம் உதவாது. அவர்கள் நெற்றி சுழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

வேகத்தின் கணக்கு இங்கேதான் வருகிறது. காற்று தரும் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். இரைச்சலோ அதைவிடக் கொடுமை. விளிம்புகளிலும் கண்ணாடிச் சட்டத்திலும் காற்று மோதிக் கிளப்பும் ஒலியின் திறன், கொள்கையளவில், வேகத்தின் ஆறாம் மடியில் கூடுகிறது. 60 கி.மீ. வேகத்தை 120 ஆக்கினால் ஒலித்திறன் 64 மடங்கு. டெசிபல் கணக்கில் 18 கூடுதல். 60-இல் பக்கத்துச் சீட்டுக்காரரோடு சாதாரணமாகப் பேசலாம். 120-இல் கத்த வேண்டும்.

2009-இலும் 2011-இலும் பிரிட்டன், அமெரிக்கக் காது மருத்துவர்கள் திறந்த கார்களில் அளவுமானியை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டுநரின் காதருகே 85 டெசிபலுக்கு மேல் பதிவானது. பக்கத்துக் கண்ணாடிகளை ஏற்றினால் குறைந்தது. 85 என்பது தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று பரிந்துரைக்கப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதி நேரம் பாதியாகும்: 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு. வருடத்தில் ஒருமுறை கடற்கரைச் சாலையில் போய்வருவதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. தினமும் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் கூரையைத் திறந்துவைத்துப் போகிறவருக்கு, பத்து ஆண்டு கழித்துக் காது கணக்குக் கேட்கலாம். ஆகவே வேகம் 80-ஐத் தாண்டும் சாலையில் கூரையை மூடிவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

தோல் விஷயத்தில் மெதுவாகப் போவதும் உதவாது. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிச் செய்தது. புற ஊதாக் கதிர்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அது தடுத்துவிடும். பக்கத்துக் கண்ணாடி அப்படி இல்லை. 28 ஆண்டு லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, சுருங்கி, இருபது வயது கூடுதலானவருடையதுபோல இருந்தது. மூடிய லாரிக்கே அந்தக் கதி. கூரையே இல்லாத வண்டியில் நண்பகல் வெயிலில் போகிறவருக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் அலங்காரம் அல்ல.

உருண்டால் என்ன ஆகும் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் பயம். நியாயமானதுதான், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஒரு கார் உருளுமா என்பதை அதன் சக்கர அகலத்தில் பாதிக்கும் ஈர்ப்பு மைய உயரத்துக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உயரமான எஸ்யூவிகளுக்கு இது 1.1, 1.2 அளவில் இருக்கும். தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 1.4-க்கு மேல். அதாவது, இவற்றை உருட்டுவதே கஷ்டம். மீறி உருண்டால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் இரும்பு வளையங்கள் உண்டு. 1989-இன் மெர்சிடஸ் எஸ்எல் காரில் படுத்திருக்கும் வளையம் 0.3 வினாடியில் எழுந்து நிற்கும்படி செய்திருந்தார்கள். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் 2020-இல், திறந்த கார்களையும் அவற்றின் மூடிய இரட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. திறந்த கார்களில் ஓட்டுநர் இறப்பு கூடுதலாக இல்லை. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் வெளியே தூக்கி வீசப்படுவது மட்டும் ஓரளவு அதிகம். சீட் பெல்ட் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

எம்எக்ஸ்-5-இன் டிக்கி? 130 லிட்டர். விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் பெட்டி இரண்டு வைக்கலாம், அரிசி மூட்டை வாங்கினால் பக்கத்துச் சீட்டில்தான். ஸ்டெப்னி கிடையாது; பஞ்சர் ஒட்டும் பசையும் சின்னப் பம்பும் தருகிறார்கள். இரண்டு சீட்டு போதுமா என்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்கச் சாலைகளில் ஒரு காரில் சராசரியாகப் போவது ஒன்றரைப் பேர்தான். மீதி சீட்டுகள் சும்மாதான் சுற்றிவருகின்றன. ஆனால் பின்நோக்கி உட்கார வைக்கும் கைக்குழந்தை சீட்டை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் வைக்கவே கூடாது. குழந்தை பிறந்த வீட்டில் இந்தக் கார் மட்டும் இருந்தால் சரிப்படாது.

இந்தியாவில் எம்எக்ஸ்-5 விற்பனைக்கு இல்லை. வந்தால் வேகத்தடையில் வயிறு தட்டுமே என்று கேட்பார்கள். இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்ட மெல்லிய வளைவு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 2.31 மீட்டர் இடைவெளி உள்ள இந்தக் காரின் நடுவயிற்றுக்கு அது 4 செ.மீ.தான் எழும்பும்; தரை இடைவெளியோ ஏறக்குறைய 13 செ.மீ. தாராளமாகப் போகும். அளவே பார்க்காமல் தெருமுனையில் ஒரு கொத்தனார் கைக்கு வந்தபடி போட்டுவைக்கும் சிமெண்ட் திண்டுக்குத்தான் எந்தச் சூத்திரமும் கிடையாது.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய எம்எக்ஸ்-5 மலிவாகக் கிடைக்கும். அங்கிருக்கும் வாசகர்கள் பார்க்கப் போனால் எஞ்சின் சத்தத்தில் மயங்கிவிடாதீர்கள். துணிக்கூரையில் விழும் மழைநீர் அதன் பின்விளிம்பில் சேர்ந்து, சீட்டுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் துளைகள் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். இலைச்சருகு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே கசிந்து, கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டி விட்டங்களை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். கூரையின் வேலையைச் செய்துகொண்டிருப்பவை அவைதான். அதனால் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப்போய் இரண்டு துளையிலும் ஊற்றுங்கள். கீழே ஒழுகுகிறதா என்று குனிந்து பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் விட்டம் முடிகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பெயின்ட் பொக்கையாக உள்வாங்கினால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.