மாப்பிள்ளையின் பி.எஃப். பணத்தில் மகளுக்குப் பங்கு உண்டா?

சென்ற மாதம் மண் மாதிரி எடுக்க ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் தோட்டக்காரப் பெரியவர் ஒரு தாளை நீட்டினார். மகள் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மாப்பிள்ளைக்கு நூற்பாலையில் 14 வருட வேலை. இருவரும் சம்மதித்து விவாகரத்து வாங்கப் போகிறார்கள். 58 வயதில் வரும் பி.எஃப். பணத்தில் பாதியைத் தருவதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். வேறு தொகை எதுவும் இல்லை.

"அமெரிக்காவுல கோர்ட்டே பிரிச்சுக் குடுக்குதாமுங்க. தம்பி பையன் சொன்னான். கையெழுத்துப் போட்டரலாமுங்களா?"

"வேண்டாமுங்க, பொறுங்க" என்றேன்.

தம்பி பையன் சொன்னது தவறல்ல. அங்கே 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் நிறுவன ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு பங்கை முன்னாள் மனைவிக்கே நேரடியாகக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. பி.எஃப். சட்டப்படி, கணக்கில் உள்ள பணத்தைத் தொழிலாளி இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. அவர் பட்ட கடனுக்காக நீதிமன்றம் அதை ஜப்தி செய்யவும் முடியாது. அந்தத் தாளைக் காட்டினால் பி.எஃப். அலுவலகம் பணம் தராது. இடையில் வீடு கட்ட, வைத்தியத்துக்கு என்று அவர் முன்பணமும் எடுத்துவிடலாம்.

அப்படியானால் அந்தப் பணம் கணக்கிலேயே வராதா? வரும், ஆனால் வேறு வழியில்.

1. இந்து திருமணச் சட்டம் 25-ஆவது பிரிவின்கீழ் மொத்தத் தொகையாகவோ மாதாமாதமோ ஜீவனாம்சம் கேட்கலாம். கணவரின் வருமானத்தையும் சொத்தையும் பார்த்து நீதிமன்றம் தொகையை முடிவு செய்யும். பி.எஃப். சேமிப்பையும் அதில் எடுத்துச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கணவரின் நிலத்தின் மேல் அந்தத் தொகைக்குப் பொறுப்பு ஏற்றவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

2. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விவசாயிகளுக்குத் தனிப் படிவமே உண்டு. நன்செயா புன்செயா, என்ன பயிர், ஆடு மாடு எத்தனை என்றெல்லாம் அதில் எழுத வேண்டும்.

3. சம்பளச் சீட்டின் நகல் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மாதம் எவ்வளவு பி.எஃப். பிடிக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று.

4. பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளை பிள்ளைதான். பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள தந்தை இறந்தால், இரண்டு பிள்ளைகள் வரை 25 வயது முடிய ஓய்வூதியம் உண்டு. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் சரியாக இருக்கட்டும்.

5. வேலையில் இருப்பது உங்கள் மகளோ மகனோ என்றால், விவாகரத்து முடிந்ததும் பி.எஃப். நாமினியை மாற்றச் சொல்லுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

பெரியவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுவாரம் மகளை அழைத்துக்கொண்டு சட்ட உதவிக்குப் போயிருக்கிறார். மொத்தத் தொகையாகக் கேட்டு இப்போது பேச்சு நடக்கிறது. விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்த்து வாங்குகிறோம். மகள் கையெழுத்திடும் தாளையும் அப்படியே ஒரு முறை விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.