சிங்கக் குட்டிக்குப் பால் கொடுக்கும் முன்...

"வெளிநாட்டில் வனஜீவராசிகளைப் பாதுகாக்கும் இடமொன்றில் ஒரு மாதம் தொண்டராக வேலை செய்யப் போகட்டுமா?" என்று உங்கள் மகளோ மகனோ ஒரு நாள் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

தூரம், பாதுகாப்பு, சாப்பாடு, செலவு என்று நான்கு கவலைகள் ஒரு தாயின் மனதில் உடனே எழும். அவை எல்லாமே நியாயமான கவலைகள்தாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. பிள்ளை அங்கே போவதால் அந்த மிருகங்களுக்கு நன்மையா, தீமையா?

இது என்ன கேள்வி, தொண்டு என்றாலே நன்மைதானே என்று நினைக்கிறீர்களா? தென்னாபிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

பால் போத்தலின் பின்னால்

இத்தகைய இடங்களில் தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்குமிடம், உணவு, பராமரிப்பு ஆகியவற்றுக்காகத் தொண்டர்தான் பணம் கட்ட வேண்டும். அதில் தவறில்லை. நேர்மையான நிலையங்கள் பலவும் இந்தப் பணத்தைக் கொண்டுதான் செலவைச் சமாளிக்கின்றன. ஆனால் பணம் வரும் வழி தெரிந்துவிட்டால் வியாபாரியும் அந்த வழியே வந்துவிடுகிறான் அல்லவா?

தென்னாபிரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் சுமார் 8,000 சிங்கங்கள் வேலிகளுக்குள் வளர்க்கப்படுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அந்நாட்டின் காடுகளில் வாழும் சிங்கங்களைப் போல் இது இரண்டு மடங்குக்கும் அதிகம். இப்பண்ணைகளில் சில, "தாயை இழந்த குட்டிகளுக்குப் பால் கொடுக்க வாருங்கள்" என்று வெளிநாட்டு இளைஞர்களை அழைத்தன. பிள்ளைகளும் நல்லெண்ணத்தோடு பணம் கட்டிப் போனார்கள். குட்டியை மடியில் வைத்துப் பால் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள்.

உண்மையில் அந்தக் குட்டிகள் பல தாயை இழந்தவை அல்ல, தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை. காட்டில் வாழும் பெண் சிங்கம் பொதுவாக இரண்டு வருடங்களுக்கு ஒரு முறைதான் குட்டி ஈனும். அதுவரை குட்டிகள் தாயோடுதான் இருக்கும். பண்ணையிலோ பிறந்து சில நாட்களிலேயே குட்டிகளை எடுத்துவிடுவார்கள். குட்டி இல்லாத தாய் விரைவில் மீண்டும் கருத்தரிக்கும். தாய்க்கும் ஓய்வில்லை, பிள்ளைக்கும் தாயில்லை. பிள்ளை பெற்ற நமக்கு இந்தக் கொடுமையை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

குட்டி வளர்ந்ததும் என்ன ஆகிறது? மனிதன் கையில் பால் குடித்து வளர்ந்த சிங்கத்துக்கு மனிதனிடம் பயம் இருக்காது. ஆகவே அதைக் காட்டில் விட முடியாது. இத்தகைய சிங்கங்கள் பல, வேலி அடைத்த நிலத்துக்குள் பணக்கார வேட்டைக்காரர்கள் சுடுவதற்காக விற்கப்பட்டன. அவற்றின் எலும்புகள் ஆசிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகின. 2015இல் வெளிவந்த 'பிளட் லயன்ஸ்' என்ற விவரணப் படம் இந்த வியாபாரத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டியது. அந்தப் படத்தில், ஏமாந்துபோன தொண்டர்களின் கதையும் உண்டு. 2021 மே மாதம், சிங்கங்களை அடைத்து வளர்க்கும் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாகத் தென்னாபிரிக்க அரசாங்கம் அறிவித்தது. 2024இல் அமைச்சரவையும் அந்தக் கொள்கைக்கு அங்கீகாரம் அளித்தது. எனினும் இத்தனை பெரிய தொழில் ஒரே நாளில் மறைந்துவிடாது. எனவே அவதானம் தேவை.

உண்மையான வேலை எப்படி இருக்கும்?

பக்கத்து நாடான நமீபியாவைப் பாருங்கள். சீற்றா எனப்படும் சிவிங்கிப்புலிகள் இன்று உலகின் காடுகளில் சுமார் 7,000 மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஆடு மாடுகளைப் பிடிக்கின்றன என்று நமீபிய விவசாயிகள் 1980களில் அவற்றை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். 1990இல் லோரி மார்க்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி அங்கே சீற்றா பாதுகாப்பு நிதியத்தை ஆரம்பித்தார். விவசாயியை எதிரியாக நினைக்காமல் அவரது நட்டத்தைத் தடுக்க என்ன வழி என்று யோசித்தார். 1994 முதல், துருக்கியில் ஆட்டு மந்தைகளைக் காத்து வந்த பெரிய இன நாய்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தார். நாய் குரைத்து விரட்டுவதால் ஆடும் பிழைத்தது, சீற்றாவும் பிழைத்தது.

அங்கே தொண்டர்களுக்கு என்ன வேலை? மிருகங்களுக்கு இறைச்சி தயார் செய்வது, கூடுகளையும் வேலிகளையும் பார்ப்பது, ஆடுகளையும் நாய்களையும் பராமரிப்பது, நீர்நிலை அருகே மணிக்கணக்கில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வரும் மிருகங்களை எண்ணிப் பதிவது. வெயிலும் புழுதியும் நிறைந்த வேலை. மடியில் குட்டியோடு எடுத்த படம் எதுவும் மிஞ்சாது.

நமது நாட்டிலேயே உடவளவையில் யானைக் குட்டிகளுக்கான இடைத்தங்கல் நிலையம் 1995 முதல் இயங்குகிறது. தாயை இழந்த குட்டிகளுக்கு அங்கே பால் கொடுக்கிறார்கள். ஆனால் பார்வையாளர்கள் தூரத்தில் நின்று பார்க்கலாமே தவிர, தொட முடியாது. குட்டிகளை மீண்டும் காட்டில் விடுவதே நோக்கம் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

பணம் அனுப்பும் முன் கேளுங்கள்

பிள்ளை காட்டும் விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்வருவனவற்றை எழுதிக் கேளுங்கள்.

* மிருகங்களைத் தூக்கவும் கொஞ்சவும் படமெடுக்கவும் அனுமதி உண்டா? உண்டு என்றால் அங்கே போகவே வேண்டாம்.

* குட்டிகளின் தாய் எங்கே? வருடம் முழுவதும் குட்டிகள் இருப்பது எப்படி?

* வளர்ந்த மிருகங்கள் எங்கே போகின்றன? இதுவரை எத்தனை காட்டில் விடப்பட்டன?

* கட்டும் பணத்தில் எவ்வளவு பாதுகாப்பு வேலைக்குச் செல்கிறது, இடைத்தரகருக்கு எவ்வளவு?

* தொண்டர் வேலைக்கு எந்த வகை விசா தேவை? "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். தூதரகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

* பெண்களுக்குத் தனித் தங்குமிடம் உண்டா? ஹலால் உணவு, அல்லது மரக்கறி உணவாவது கிடைக்குமா? அவசரத்துக்கு வைத்தியசாலை எத்தனை மணி நேரத் தூரத்தில் உள்ளது?

மலேரியா, விசர்நாய்க்கடி நோய் ஆகியவற்றுக்கான முன்னேற்பாடுகளை வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் ஊடாகப் பயணம் செய்தால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். பயணக் காப்புறுதி இல்லாமல் அனுப்பவே வேண்டாம்.

நேர்மையான நிலையம் இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும். மழுப்பினால் அதுவே உங்களுக்குப் பதில்.

சகோதரிகளே, பிள்ளைகளின் நல்ல மனதை உடைத்துவிடாதீர்கள். மிருகங்கள் மீது இரக்கம் கொண்ட பிள்ளை நம் வீட்டுக்குக் கிடைத்த பேறு. "போகாதே" என்று ஒரே வார்த்தையில் மறுப்பதைவிட, "வா, இந்தக் கேள்விகளை இருவரும் சேர்ந்து கேட்போம்" என்று சொல்லிப் பாருங்கள். பதில் சரியாக வந்தால் தைரியமாக வழியனுப்பலாம். வராவிட்டால், அந்த இடத்தை வேண்டாம் என்று பிள்ளையே சொல்லிவிடும்.