முகம் சிவக்க வைக்கும் மரபணு

ஜப்பானில் அலுவலகம் முடிந்து குடிக்கப் போகிற கூட்டத்தில், அரை கிளாஸ் பீருக்கே முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகிவிடுகிறவர்கள் சிலர் இருப்பார்கள். நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும். இது போதை அல்ல. மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அந்த நச்சை அசிட்டேட்டாக மாற்றித் தீங்கில்லாமல் செய்வது ஏஎல்டிஎச்2 என்ற நொதி. இவர்களிடம் அது முடங்கிக் கிடப்பதால் நச்சு ரத்தத்தில் தேங்குகிறது. முகச்சிவப்புக்கு இதுதான் காரணம் என்று 1981-லேயே தெரிந்துவிட்டது.

இந்த நொதியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்த வினை இது. சீனா, ஜப்பான், கொரியா, தைவான் வம்சாவளியினரில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த மாற்றம் உண்டு.

இந்த நொதி நான்கு துண்டுகள் கூடி உருவாவது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான பிரதி வந்தால், பாதி வேலையாவது நடக்கும் என்றுதான் நினைப்போம். நடப்பதில்லை. பழுதான துண்டு தன்னோடு சேர்ந்த நல்ல துண்டுகளையும் கெடுத்துவிடுகிறது. நான்குமே நல்லதாக அமையும் வாய்ப்பு 16-ல் ஒன்றுதான்.

இரண்டு பிரதிகளும் பழுதானவர்களால் பெரும்பாலும் குடிக்கவே முடியாது. அந்த அவஸ்தையே அவர்களுக்குக் காவல். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் கதைதான் மோசம். சகித்துக்கொண்டு குடித்துப் பழகிவிடுகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் பன்மடங்கு அதிகம் என்பதை, ஜப்பானின் குரிஹாமா மருத்துவமனையில் குடிநோயாளிகளை ஆராய்ந்த அகிரா யோகொயாமா 1990-களிலேயே காட்டினார். வாயில் வாழும் பாக்டீரியாக்களும் மதுவை அசிட்டால்டிஹைடாக்குவதால், எச்சிலோடு இறங்கும் நச்சு உணவுக்குழாயை நனைத்துக்கொண்டே இருக்கிறது. 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுவோடு வரும் அசிட்டால்டிஹைடை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாகவே அறிவித்தது.

புற்றுநோய் யாருக்கு வருகிறது என்பதோடு ஆய்வு நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் கே.ஜே. படேலின் குழு, இந்த நொதி இல்லாத எலிகளுக்கு மது கொடுத்து, ரத்தத்தை உருவாக்கும் தண்டுச்செல்களில் டிஎன்ஏ எப்படிச் சிதைகிறது என்பதை 2018-ல் காட்டியது.

முடங்கிய ஏஎல்டிஎச்2-ஐத் தூண்டும் ஆல்டா-1 என்ற சேர்மத்தை ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2008-ல் கண்டறிந்தார்கள். ஆனால் முகம் சிவக்கிறவர்களில் பலர் குடிக்கும் முன் விழுங்குவதோ, முகச்சிவப்பை மட்டும் மறைக்கும் அசிடிட்டி மாத்திரையை. அசிட்டால்டிஹைடு அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் போய்விடுகிறது. இன்னும் நாலு கிளாஸ் இறங்குகிறது.