ஆங்கில மரபுத்தொடர்களும் இத்தாலிய மொழியினரும்: ஒப்புமை தரும் இடர்

ஆங்கிலம் பயிலும் இத்தாலியருக்கு மரபுத்தொடர்கள் அயன்மையால் இடர் தருகின்றன என்பது பொதுக்கருத்து. முற்றிலும் அயலான தொடர் கற்பவரை அகராதியிடம் அனுப்பிவிடும். பாதி அறிமுகமான தொடரே அவரை ஏமாற்றுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

‘ஒரே படகில் இருத்தல்’ போன்றவை இரு மொழிகளிலும் சொல்லாலும் பொருளாலும் ஒன்றே, அவற்றில் சிக்கலில்லை. வேறு சிலவற்றில் கருத்து ஒன்றாயினும் உருவகம் மாறும். ஆங்கிலேயர் ஒரே கல்லால் இரு பறவைகளைக் கொல்வர். இத்தாலியர் ஒரே அவரை விதையால் இரு புறாக்களைப் பிடிப்பர் (நாம் வீழ்த்துவது மாங்காய்). கடுவிலைக்கு ஆங்கிலத்தில் கையும் காலும் ஈடு. இத்தாலியத்தில் தலையிலுள்ள ஒரு கண். ஸ்பானிய மொழியினரை முன்வைத்துச் சூசன் இருகோ 1986இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய தொடர்களைப் புரிந்துகொள்வது எளிது, எடுத்தாள்கையிலோ தாய்மொழி குறுக்கிடுகிறது எனக் காட்டியது. முற்றும் வேறான தொடர்களைக் கற்பது கடினம்; ஆயினும் குறுக்கீடு அங்குக் குறைவு. ஸ்பானியத்தின் உறவுமொழியாகிய இத்தாலியத்திற்கும் இம்முடிவு பொருந்தும் எனக் கருதலாம்.

வடிவம் ஒத்துப் பொருள் விலகுவனவே மிகுந்த கவனத்திற்குரியன. ஒருவரை ‘மூக்கைப் பிடித்து நடத்துதல்’ ஆங்கிலத்தில் அவரைத் தன் விருப்பப்படி ஆட்டிவைத்தல், இத்தாலியத்தில் ஏமாற்றுதல். உப்பின் கதை இன்னும் நுட்பமானது. ‘கும் கிரானோ சாலிஸ்’ என்னும் லத்தீன் தொடரை இத்தாலியர் ‘நிதானமறிந்து’ என்னும் பொருளில் வழங்குவர். ஆங்கிலத்தின் ‘ஒரு சிட்டிகை உப்புடன் ஏற்றல்’ ஐயத்தையே சுட்டும். ஒரு விதியை நிதானமறிந்து கையாளுக என எழுத முனைந்த இத்தாலியர், ஆங்கில வாசகருக்கு அவ்விதியை நம்பாதே என்று சொன்னவராகிவிடுவார். ஐயத்தைச் சுட்ட இத்தாலியத்தில் உள்ளது ‘இடுக்கியால் எடுத்தல்’.

பொருளறிந்த பின்னும் வழக்கறிதல் எஞ்சுகிறது. இறத்தலைக் குறிக்கும் ‘வாளியை உதைத்தல்’ செயப்பாட்டு வினையாயின் வெறும் வாளியே மிஞ்சும். மறை வெளியிடுதலைக் குறிக்கும் ‘பயற்றைக் கொட்டுதல்’ அம்மாற்றத்தைத் தாங்கும். சொற்பட்டியல்கள் இதனைக் கூறுவதில்லை. வாழ்த்தாக வரும் ‘காலை முறித்துக்கொள்’ என்பதற்கு இணையாக ‘இன் போக்கா அல் லூப்போ’ (ஓநாயின் வாயில்) தரப்படுகிறது. முன்னது பெரிதும் மேடையேறுவோருக்கு உரியது. பின்னது தேர்வெழுதும் மாணவருக்கும் இயல்பாகச் சொல்லப்படும். அன்றியும், ஓநாய் வாழ்த்துக்கு ‘கிரேப்பி’ (அது சாகட்டும்) என்பதே மரபான மறுமொழி. நன்றி கூறுவது மரபன்று. ஆங்கில வாழ்த்துக்கு அத்தகைய நிலைத்த மறுமொழி இல்லை. நன்றி என்பதே போதும்.