மடியில் வைப்பதா, மேசையில் வைப்பதா?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே சேரன்மகாதேவி போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களின் வீடுகளுக்கும் லேப்டாப் வந்து சேர்ந்தது. எனினும் படிப்புக்கென அமைந்த அக்கருவி வேறு, விளையாட்டுக்கு வேண்டிய கணினி வேறு.

விளையாட்டின் காட்சிகளை நொடிதோறும் பலமுறை தீட்டித் தருவது கிராபிக்ஸ் கார்டு என்னும் தனிப் பலகையாகும். பெயர் ஒன்றாயினும் அதன் வலு ஒன்றாக இருப்பதில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050, மேசைக்கணினிக்கான 8 ஜிபி வகையில் 2560 கணிப்பு உட்கருக்களுடன் 130 வாட் வரை மின்சாரம் கொள்ள, 4 ஜிபி மடிக்கணினி வகையோ 2048 உட்கருக்களுடன் 80 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. விலைச்சீட்டில் இவ்வேறுபாடு பெரும்பாலும் தென்படாது.

சித்திரை வெயிலில் மெல்லிய உடலுக்குள் வெப்பம் தேங்கும்போது மடிக்கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேசைக்கணினியிலோ பக்கத்தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் விசிறியில் படிந்த தூசியைத் தூரிகையால் துடைக்கலாம், பின்னாளில் கையில் காசு சேரும்போது கார்டை மட்டும் மாற்றலாம். திரை, விசைப்பலகை, மின்தடையைச் சமாளிக்கும் யுபிஎஸ் ஆகியவற்றின் செலவைக் கூட்டிப் பார்த்தாலும், வீட்டிலிருந்தே ஆடுபவருக்கு இதுவே கட்டுப்படியாகும். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு மட்டும், மின்கலத்தில் ஓடும்போது ஆட்டம் தளரும் என்ற குறையோடு, மடிக்கணினியே வழி.